ஒன்பதைத் தாண்டாதவர்

சாவதற்கு இவ்வளவு மெனக்கெடுகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். கட்டிக்கொண்டு குடித்தனமே நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், சாப்பாட்டு மேஜையில் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொள்வார். ஓநாய்களும் பூதங்களும் உலாவுகிற ஒரு காட்டுக்குள் போவார். நேரம் பார்த்துச் செத்துவிட்டு வருவார்.

அந்த விளையாட்டின் சட்டம் அப்படி. எல்லாரும் முதல் லெவலில் காட்டுக்குள் இறங்குகிறார்கள். மிருகத்தைக் கொன்றால் புள்ளி சேரும், புள்ளி நிறைந்தால் லெவல் ஏறும். பத்தாவது லெவல் வந்ததும் ஒரு பாலம் திறந்து ஆளை அக்கரைக்கு அனுப்பிவிடும். போனால் போனதுதான், காட்டுக்குத் திரும்ப முடியாது. விளையாடத் தெரிந்தவர்கள் ஒரு வாரத்தில் தாண்டிவிடுவார்களாம். இவர் ஒன்றரை வருஷமாக ஒன்பதிலேயே குந்தியிருந்தார். நல்ல வாள் கிடைத்தால் தூக்கி எறிந்துவிட்டுத் துருப்பிடித்த கத்தியை வைத்துக்கொள்வார். மிருகம் சாகப்போகிறது என்று தெரிந்ததும், கடைசி அடிக்கு முன்னால் தானே போய் அதன் வாயில் விழுவார். செத்தவனுக்குப் புள்ளி கிடையாது. அதுதான் சூட்சுமம்.

"ஏங்க, எல்லாரும் ஜெயிக்கத்தானே விளையாடுவாங்க?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"கொஞ்சம் சும்மா இரேன், ஓநாய் வருது."

"வரட்டும். ஓநாய்க்காவது உங்க மேல ஒரு பிடிப்பு இருக்கே."

சிரிக்கவில்லை. சிரிக்கிற ஆளாக இருந்தவர்தான். அந்த விபத்துக்கு முன்னால்.

என் கொழுந்தனும் லிஃப்ட் மெக்கானிக்தான். இவருக்கு ஒரே தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தான், வேலைக்கும் இவர் கூடவே போவான். மேலே மோட்டார் அறையில் இவர், கீழே கூண்டின் கூரைமேல் அவன். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சுவிட்சைப் போடுமுன் மேலே இருப்பவர் லிஃப்ட் குழிக்குள் பார்த்துக் கத்த வேண்டும், "கை எடுத்தாச்சா?" கீழே இருப்பவன் "எடுத்தாச்சு" என்று பதில் சொன்னால்தான் சுவிட்ச். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சுவிட்ச் போட்டபோது கொழுந்தனின் வலது கை கப்பிக்குள் இருந்தது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியில் கம்பெனிக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். "அண்ணன் குரல் கேக்கல" என்று மட்டும் சொன்னான் கொழுந்தன். இவரைக் கேட்டார்கள். "கேட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றார். மறுநாள் கேட்டபோது, "தெரியல" என்றார். அதற்கும் அடுத்த நாள், "நான் கேக்கல போலிருக்கு" என்று தானே சொல்லிவிட்டார். நீங்க கேக்காம இருந்திருக்க மாட்டீங்க என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். சூப்பர்வைசர் ஆகவேண்டிய ஆளை மறுபடி உதவியாள் வேலைக்கு இறக்கினார்கள். பிறகு மேலே ஏற்றுகிறோம் என்று அவர்களாகவே கூப்பிட்டபோதும் இவர் போகவில்லை. இப்போதும் எதைச் செய்தாலும் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் செய்வார். வேலையிடத்தில் இவருக்கு எதிரொலி என்று பேர்.

கொழுந்தன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேறு ஊருக்குப் போனான். ஏதோ கார் நிறுத்துமிடத்தில் கம்பத்தைத் தூக்கி இறக்குகிற வேலை, இடது கையால் பட்டனை அழுத்தினால் போதும் என்று கேள்விப்பட்டோம். எங்களிடம் பேசுவதில்லை. இவரும் கூப்பிடவில்லை. "எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கூப்பிடறது?" என்பார். இருக்கிற ஒரு முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டியதுதானே என்பேன். ஊமையிடம் பேசின கதைதான்.

அவன் விட்டுப்போன கம்ப்யூட்டரில்தான் அந்த விளையாட்டு இருந்தது. ஒருநாள் சும்மா திறந்தவர், காட்டில் ஒரு மந்திரவாதி தட்டுத் தடுமாறி நடப்பதைப் பார்த்தார். தலைக்கு மேலே "ஓட்டைப்பல்" என்று பேர். சின்ன வயதில் தம்பியை இவர் கூப்பிட்ட பேர். ஒற்றைக் கையோடு முதல் லெவலிலிருந்து புதிதாக ஆரம்பித்திருக்கிறான் என்று புரிந்துகொண்டார். அன்றைக்கே தானும் இறங்கினார். தனக்கு "வழிப்போக்கன்" என்று பேர் வைத்துக்கொண்டார்.

இரண்டு கை இருக்கிறவருக்கு மளமளவென்று புள்ளி ஏறும். தம்பியோ ஆமை மாதிரி நகர்கிறான். முந்திக்கொண்டு பாலம் தாண்டிவிட்டால் அப்புறம் அவனைப் பார்க்க முடியாது. அக்கரையில் சேர்ந்து விளையாட வேண்டுமென்றால் ஒருவருக்கொருவர் சொந்த ஃபோன் நம்பரைக் கொடுக்க வேண்டுமாம். நம்பரைக் கொடுத்தால் இவர் யாரென்று தெரிந்துவிடும்.

"தெரிஞ்சா என்னங்க? கடிச்சா தின்னுடுவான்?"

"போயிடுவான். இங்க நான் யாரோ ஒருத்தன். அதனாலதான் கூட நடக்கறான்."

வாரத்தில் ஒரு மத்தியானம் தம்பிக்குப் பக்கத்தில் நடப்பதற்காக ஒரு மனுஷன் செத்துச் செத்து விழுகிறார். என்னத்தைச் சொல்ல?

ஒன்றை மட்டும் மறைக்க இவருக்குத் தெரியவில்லை. அந்தக் காட்டில் கதவுகளை ஒருத்தரால் மட்டும் திறக்க முடியாது. ஒருவர் சங்கிலியைப் பிடிக்க, இன்னொருவர் விசையை இழுக்க வேண்டும். விசைப்பக்கம் நிற்கிறபோதெல்லாம் இவர் தட்டுவார்: "கை எடுத்தாச்சா?" திரையில் இருப்பது வெறும் படம், அதற்கு ஏது கை, ஏது விரல்? பழக்கம், விடவில்லை. முதல் தடவை ஓட்டைப்பல் வெகுநேரம் பதில் போடவில்லை. பிறகு "ம்" என்று ஒற்றை எழுத்து. அன்றிலிருந்து ஒவ்வொரு கதவுக்கும் அதே கேள்வி, அதே "ம்".

போன ஞாயிற்றுக்கிழமை நான் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "ஐயோ" என்று ஒரு குரல். திரும்பினால் இவர் முகம் வெளுத்திருந்தது.

"அவனும் ஒன்பதுல விளிம்புக்கு வந்துட்டான். பூதக் குழிக்குக் கூப்பிடறான்."

காட்டிலேயே பெரிய மிருகம் அந்தப் பூதம். அதைக் கொன்றால் ஒன்பதிலிருக்கிற எவனும் நேரே பத்துதான், பாலம்தான். ஒற்றை ஆளாகக் கொல்லவும் முடியாது. திரையில் ஓட்டைப்பல் போட்டிருந்தான்: "வா, இன்னிக்கு முடிச்சிடலாம்."

"முடியாதுன்னு சொல்லிடுங்க."

"சொன்னா வேற எவனையாவது கூட்டிக்கிட்டுப் போவான். ஒன்றரை வருஷமா ஒரு கையால ஏறினவன். அவன் மேல போகணும்."

"அப்போ நீங்களும் போங்க."

"போய்? நம்பர் கேப்பான்."

"குடுங்க. நான்தான்டா உன் அண்ணன்னு சொல்லுங்க. இல்லன்னா இன்னியோட முடிஞ்சுது, தெரியுதுல்ல?"

தெரிகிறது என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே "வரேன்" என்று தட்டினார். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

குழிவாசல் கதவு. ஓட்டைப்பல் சங்கிலியைப் பிடித்தான். "கை எடுத்தாச்சா?" "ம்." கதவு மேலே போயிற்று.

பூதம் வீட்டு உயரம் இருந்தது. முதல் வீச்சிலேயே ஓட்டைப்பல்லின் பாதி உயிர் போயிற்று. இவர் குறுக்கே பாய்ந்து அடுத்த வீச்சைத் தான் வாங்கிக்கொண்டார். இவருடைய விரல்கள் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. அந்தத் துருக்கத்தியாலேயே பூதத்தின் முட்டியைக் கொத்திக்கொண்டேயிருந்தார். பின்னாலிருந்து ஓட்டைப்பல்லின் தீப்பந்துகள் வந்தன, ஒன்று, அப்புறம் யுகம் கழித்து இன்னொன்று. ஒவ்வொன்றும் இடது கையால் மட்டும் அனுப்புவது. பூதத்தின் உயிர்க்கோடு குறைந்துகொண்டே வந்து நூல் அளவுக்கு நின்றது.

"இன்னும் ஒரு அடி. அதை அவனே அடிக்கட்டும்" என்றார். தம்பி உயிரோடு இருக்க வேண்டும், தான் செத்திருக்க வேண்டும். இவர் கணக்கு அதுதான். கத்தியைக் கீழே போட்டுவிட்டு நேரே பூதத்தின் காலடிக்குப் போனார். அது மிதித்தது. வழிப்போக்கன் செத்தான்.

"போடா, போ" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தார். கண் கலங்கியிருந்தது.

தீப்பந்து வரவில்லை. ஓட்டைப்பல் தன் கோலைக் கீழே போட்டான். நடந்து வந்தான். இவர் பிணத்துக்குப் பக்கத்தில், பூதத்தின் காலடியில் போய் நின்றான். அது மிதித்தது.

இரண்டு பிணங்கள். நடுவில் நூல் அளவு உயிரோடு பூதம் மட்டும் நின்றுகொண்டிருந்தது, அடிக்க ஆளில்லாமல்.

"என்னங்க இது?"

செத்தவர்கள் கிடக்கிற கொஞ்ச நேரம் பேசிக்கொள்ளலாம். அது தீர்ந்ததும் ஆளுக்கொரு மூலையில் எழுப்பிவிடும். திரையின் ஓரத்தில் அந்த நேரக்கோடு கரையத் தொடங்கியது.

"ஏன் செத்தே?" என்று இவர் தட்டினார்.

"நீ ஏன் செத்தே?"

"நீ மேல போகணும்னு."

"நீ இல்லாம நான் மட்டும் எப்படிப் போறது? எனக்காக எவ்வளவு நாள் கீழயே கிடப்பே?" பிறகு, ஒரு கையால் தட்டுகிற நிதானத்தில், எழுத்து எழுத்தாக இன்னொரு வரி: "அண்ணி பக்கத்துல இருக்காங்களா?"

நான் எழுந்தே நின்றுவிட்டேன். இவர் "எப்போ தெரியும்?" என்று தட்டுவதற்குள் மூன்று பிழை.

"முத நாளே. விளையாட்டுல எவன் கை எடுத்தாச்சான்னு கேப்பான்?"

நேரக்கோடு பாதிக்கு வந்தது. அடுத்த வரி துண்டு துண்டாக வந்தது.

"அன்னிக்கும் கேட்டே."

"எனக்குக் கேட்டுச்சு."

"எடுத்தாச்சுன்னு சொன்னேன். எடுக்கல. ஒரே ஒரு போல்ட் பாக்கி."

"ஆஸ்பத்திரில பயந்துட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரலண்ணா."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஆறு வருஷம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வேற்றூரில் உட்கார்ந்திருக்கிறான். இங்கே இந்த மனுஷன் தூக்கத்தில்கூட "கேட்டேனா, கேட்டேனா" என்று புலம்பிக்கொண்டிருந்தார். இவரைத் தள்ளிவிட்டு நானே தட்டினேன்: "பாவி, இந்த ஆளை உயிரோட புதைச்சிட்டியேடா."

"ஆமா அண்ணி. திட்டுங்க."

திட்டுவதற்குள் கோடு தீர்ந்தது. திரை இருண்டு, வழிப்போக்கன் எங்கோ ஒரு தீ மூட்டத்துக்குப் பக்கத்தில் தனியாக எழுந்தான். ஓட்டைப்பல் எங்கேயென்று தெரியவில்லை. பெயரைத் தட்டினால் பதில் இல்லை.

"கேட்டிருக்கேன்" என்றார் இவர். என்னிடம் இல்லை, மேஜையிடம். "நான் கேட்டிருக்கேன்டி."

"கேட்டீங்க. நான் அப்பவே சொன்னேன்ல? பெண்டாட்டி சொன்னா எது ஏறுது?" சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "விடுங்க அவனை. மூடுங்க அதை."

மூடவில்லை. காட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார். ஓநாய் ஒன்று துரத்தியது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவருக்குக் கோபமா, சந்தோஷமா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தாடை மட்டும் இறுகியிருந்தது. அவன் வராமல் போனால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பூதக் குழி வாசலில் ஓட்டைப்பல் நின்றுகொண்டிருந்தான். சங்கிலியைப் பிடித்தபடி.

இவர் விசைக்குப் போனார். "கை எடுத்தாச்சா?" என்று தட்டினார்.

"ம்."

இவர் இழுக்கவில்லை. விரல் பொத்தான்மேல் நின்றது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. நெற்றியில் வேர்த்திருந்தது.

பிறகு இடது கையால் துழாவி ஃபோனை எடுத்தார். ஆறு வருஷமாக அழிக்காமலும் கூப்பிடாமலும் வைத்திருந்த தம்பி நம்பர். மணி அடித்தது. அடித்துக்கொண்டேயிருந்தது. எடுக்கிற சத்தம் கேட்டது, பேச்சு இல்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் எனக்கே கேட்டது.

இவர் குழிக்குள் கத்துகிற அதே குரலில், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிற அளவுக்குக் கத்தினார்.

"கை எடுத்தாச்சா?"

அந்தப் பக்கம் என்னவோ உடைந்த மாதிரி ஒரு விசும்பல்.

"ம்னு சொல்லாத. வாயைத் தொறந்து சொல்லுடா."

"எடுத்தாச்சுண்ணா. நிஜமாவே எடுத்தாச்சு."

இவர் இரண்டாவது தடவையும் கேட்டார். இரண்டாவது தடவையும் பதில் வந்தது. அதற்கப்புறம்தான் விசையை இழுத்தார்.