தொட்டித் தண்ணீரில் கை வைத்த ஞாயிறு

1995ஆம் ஆண்டு தொடக்கத்தில் என் இரண்டு கைகளும் புண்ணாகிப் போயின. அன்பான சகோதர சகோதரிகளே, வீட்டு வேலை செய்து பிழைப்பவளுக்குக் கை போனால் என்ன மிஞ்சும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் மன்னாரைச் சேர்ந்த ரெஜினா. இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசா பகுதியில் ஒரு பெண்மணியின் வீட்டில் வேலை; அவரைச் சிஞ்ஞோரா என்று அழைப்போம். துடைப்பது, சமைப்பது, படுக்கையில் கிடந்த அவருடைய தாயாரைக் குளிப்பாட்டுவது. முதலில் விரல்கள் அரித்தன. பிறகு தோல் வெடித்து நீர் வடிந்தது. மருத்துவர் களிம்பு தந்தார். சற்று ஆறும், மறுபடி வெடிக்கும்.

ஒருநாள் சிஞ்ஞோரா பார்த்துவிட்டார். நல்ல மனுஷி, கோபப்படவில்லை. ஆனால், கை ஆறாவிட்டால் அம்மாவுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அந்தக் கோடையில் பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். வேலை இல்லாவிட்டால் அதுவும் இல்லை. மொண்டெல்லோ கடற்கரை உணவகத்தில் வேலை செய்யும் என் கணவருக்குக் குளிர்காலத்தில் வேலை கிடையாது. பேருந்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி அழுதேன். செபமாலை உருட்டக்கூட விரல் மடங்கவில்லை.

நாங்கள் பூசைக்குப் போகும் கோயிலின் சுவரோரம் ஒரு பழைய கிணறு இருக்கிறது. அதை ஒட்டி, அதன் நீர் நிரம்பும் நீளமான கல்தொட்டி. முன்பு கழுதைகள் தண்ணீர் குடித்த தொட்டியாம். கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு குருவானவர் கிணற்றை ஆசீர்வதித்ததிலிருந்து மக்கள் அதன் தண்ணீரைப் புனித நீராக எடுத்துச் செல்கிறார்கள்.

கோயிலுக்குத் துணிக் கையுறை போட்டுக்கொண்டுதான் போவேன். தொற்றுநோய் என்று நம்மவர்கள் விலகிவிடுவார்களோ என்ற பயம். தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்ததும், கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளையும் தொட்டிக்குள் வைத்தேன். தண்ணீர் சில்லென்றிருந்தது.

"ஆண்டவரே, எனக்கு வழி தெரியேல்லை. நீரே காட்டும்."

வேறு செபம் வரவில்லை.

பக்கத்தில் பிலோமினா அக்கா போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் தாதியாக இருந்தவர். என் கைகளை உற்றுப் பார்த்தார்.

"பிள்ளை, உது மணிக்கட்டோடை கோடு கீறினமாதிரி நிக்குது. வேலையிலை ரப்பர் கையுறை போடுறனியோ?"

"ஓம் அக்கா, எப்பவும் போடுறனான். இப்ப புண் நனையக்கூடாதெண்டு கழட்டிறதே இல்லை."

"சில பேருக்கு ரப்பர் ஒத்துவராது. டொக்டரிட்டை உதைச் சொன்னனியோ?"

"இல்லை அக்கா. அது நினைவே வரேல்லை."

"நாளைக்கே போய்ச் சொல்லு. நானும் வாறன்."

சொன்னபடியே வந்தார். மருத்துவர் சோதித்துப் பார்த்து, ரப்பர்தான் காரணம் என்றார். சிஞ்ஞோரா பிளாஸ்டிக் கையுறை வாங்கித் தந்தார். உயிர்ப்புத் திருநாளுக்கு முன்பே தோல் மூடிவிட்டது. வேலை நிலைத்தது. கோடையில் பெர்மெஸ்ஸோவும் கிடைத்தது.

"அப்ப தண்ணி சுகமாக்கேல்லைத்தானே?" என்று என் கணவரே கேட்டார். இருக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீருக்காகத்தான் நான் மறைத்து வைத்திருந்த கையை வெளியே எடுத்தேன். அதைக் காண வேண்டியவரை ஆண்டவர் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். எனக்கு அது போதும்.

இப்போதெல்லாம் பூசை முடிந்தவுடன் வீட்டுக்கு ஓடுவதில்லை. தொட்டியருகே நிற்பேன். புதிதாக வந்தவர்களிடம் பெயர் கேட்பேன், இருந்து கதைப்பேன். உங்களுக்கும் யாரிடமும் சொல்ல முடியாத துன்பம் இருந்தால், ஒரு ஞாயிறு வாருங்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவரிடமும் சொல்லுங்கள். யாருடைய வாயால் அவர் பதில் தருவார் என்று நமக்குத் தெரியாது.