மூணுகோட்டார் நக்கிப் பார்த்த சுவர்

மூணுகோட்டார் சுவரை நக்கிப் பார்த்துத்தான் வேலையை ஒத்துக்கொள்கிறார் என்று ஒரு பேச்சு. ஹார்டுவேர் கடையில் கிளம்பிய அந்தப் பேச்சு, சலூனுக்கு வந்து சேர்வதற்குள் கைகால் முளைத்து, சிமெண்டுக்கு வயசு என்ன என்பதைக்கூட ருசியிலேயே சொல்லிவிடுவார் என்று வளர்ந்திருந்தது. விசாரித்ததில், நக்கியது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சுவர், அதுவும் விரலில் தொட்டு. பார்த்த ஒரே சாட்சி அவருடைய தங்கை புருஷன். அவர் ஒருத்தர் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி.

மூணுகோட்டார் பெயிண்டர். சுவருக்கு எந்த வியாதி வந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: "இன்னொரு கோட்டு போட்டா சரியாப் போயிடும்." இரண்டு கோட்டுக்குப் பேசிவிட்டு மூன்றாவதைத் தன் திருப்திக்கு அடிப்பார். அதற்குக் கூலி கேட்கமாட்டார். "பிரமாதம்" என்று ஒரு வார்த்தை சொல்லும்வரை இடத்தைவிட்டு நகரவும் மாட்டார்.

அந்த மருந்துக்கு மசியாத சுவர் தங்கை வீட்டில் இருந்தது. தரைக்குக் கீழே ஓர் அறை. அவளுடைய இரண்டு தையல் மிஷின்களும் அங்கேதான். அண்ணன் மூன்று வருஷமாக வருஷம் தவறாமல் பெயிண்ட் அடித்தார். பாம்பு சட்டை உரிப்பதுபோல் சுவரும் வருஷம் தவறாமல் அதை உரித்துப் போட்டது. உரிந்த இடமெல்லாம் கறுப்புப் பூஞ்சை.

இந்தத் தடவை விளையாட்டில்லை. ஒரு ஆஸ்பத்திரி, டாக்டர்களுக்கு நாற்பது வெள்ளை அங்கிகள் தைக்கச் சொல்லியிருந்தது. ஒரு புள்ளி பூஞ்சை பட்டாலும் ஆர்டர் அம்போ. வெளியே மண்ணைத் தோண்டிச் சுவருக்கு வெளிப்பக்கம் தார் பூசுவது, செலவுக்கு ஒரு மிஷினை விற்பது என்று மாப்பிள்ளை முடிவுகட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை கொத்தனார் வருவதாக ஏற்பாடு.

"ஒத்த மிஷின்ல நாப்பது அங்கி எப்படிங்க தைக்கிறது?" தங்கை ஒரு மிஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ரெண்டு நாள் பொறுங்க மாப்ளே," என்றார் மூணுகோட்டார்.

உரிந்ததையெல்லாம் பட்டித் தகட்டால் சுரண்டினார். சுவரில் துளிர்த்திருந்த ஈரத்தை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். ஊர் வாய்க்குக் கிடைத்த அவல் இதுதான்.

"என்ன மச்சான், உப்பு சரியா இருக்கா?"

"சப்புன்னு இருக்கு மாப்ளே. மண்ணுலேருந்து வர்ற ஈரம்னா கரிக்கணும்."

ஆனாலும் அவர் நாக்கை அவரே நம்பவில்லை. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் டேப் போட்டு ஒட்டினார். "பின்பக்கம் நனைஞ்சா சுவர் மேல குத்தம். முன்பக்கம் நனைஞ்சா அறை மேல குத்தம்."

"பிளாஸ்திரி போட்டாச்சு. ஊசி எப்போ?" என்றார் மாப்பிள்ளை.

வியாழன் சாயங்காலம் தனியாக வந்து பார்த்தார். தாளின் முன்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். பிரித்தால் பின்பக்கம் எலும்பாகக் காய்ந்திருந்தது. சுவர் நிரபராதி! மழைக்காலத்தில் இங்கேயே உலர்த்தும் துணியும், நாளெல்லாம் ஆவி கக்கும் இஸ்திரிப் பெட்டியும்தான் ஈரம். அந்த ஈரம் ஏன் வெளியே போகவில்லை?

நிமிர்ந்தார். கூரையை ஒட்டிச் சுவரில் ஒரு சதுரம் லேசாகப் புடைத்திருந்தது. முக்காலியில் ஏறித் தட்டினார். கண்ணாடிச் சத்தம் கேட்டது.

ஜன்னல்! முதல் வருஷம், கண்ணாடியை மறைத்து டேப் ஒட்டச் சோம்பல்பட்டு, 'அப்புறம் துடைச்சுக்கலாம்' என்று அதன்மேலேயே பெயிண்ட் உருளையை ஓட்டியது ஞாபகம் வந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் இடுக்கெல்லாம் அடைபட்டு, ஜன்னல் சுவரோடு சுவராகிவிட்டது.

முக்காலியிலேயே நின்றார். வாயைத் திறந்தால் இருபது வருஷப் பேர் போகும். மூடிக்கொண்டால் நாளைக்கு மிஷின் போகும். உருளை ஓட்டின கை சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"மாப்ளே! கொத்தனாரை வர வேணாம்னு சொல்லிடுங்க. ஈரத்துக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு."

"என்னது மச்சான்?" மாப்பிள்ளை படியில் தடதடவென்று இறங்கினார்.

"நான்தான்."

கேட்டு முடித்ததும் தங்கை சிரித்த சிரிப்பில் ஊசிப்பெட்டி கவிழ்ந்தது. "நல்லவேளை அண்ணே, கதவை விட்டுவெச்சே. இல்லேன்னா நாங்க வெளியவே வந்திருக்க முடியாது!"

மூணுகோட்டார் வெட்கத்தில் ஜன்னல் சட்டத்தை ஒரு குத்துக் கூடுதலாகக் குத்திவிட்டார். ஜன்னல் திறந்தது, கண்ணாடியும் உடைந்தது. ஈரத்துணி மாடித் தாழ்வாரத்துக்குப் போனது. பத்து நாளில் சுவர் காய்ந்தது. இரண்டே கோட்டு அடித்தார். நாற்பது அங்கிகளும் வெள்ளை வெளேரென்று போய்ச் சேர்ந்தன. மிஷின் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அந்தக் கண்ணாடியைத் தானே போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்து நாலு மாதமாகிறது. இப்போதைக்கு ஒரு அட்டை சொருகியிருக்கிறது.

"கண்ணாடி என்னாச்சு மச்சான்?"

"அளவெடுக்கணும் மாப்ளே."

தங்கை மட்டும் கேட்பதேயில்லை. காலையில் கீழே இறங்கியதும் முதல் வேலையாக அந்த அட்டையையும் உருவி மிஷினுக்கு அடியில் போட்டுவிடுகிறாள்.