வரி விலக்கு வீடுகளும் என் வயிற்றுக் கலக்கமும்

கோயில், சத்திரம், இலவசப் பள்ளிக்கூடம் இவற்றுக்கு வீட்டு வரி கிடையாது என்றதும் எத்தனை வீடுகள் அப்படி மாறிவிட்டன என்று பார்த்துச் சொல்கிற வேலை என்னுடையது. எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் குடியிருந்துகொண்டு, டவுனிலும் மாமல்லபுரம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களிலும் அலைந்தேன். யாராவது மொட்டைக் கடுதாசி போடுவார்கள். நான் நேரில் போய்ப் பார்த்து, விலக்கு நியாயமா மோசடியா என்று ரிப்போர்ட் எழுத வேண்டும். எமர்ஜென்சி நேரம் வேறு. எழுதினாலும் பயம், எழுதாவிட்டாலும் பயம். ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு நாலு நாள் சோறு இறங்காமல் தவித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வாரம் ஒருமுறை வரும் சாமி

முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த பங்களா. சொந்தக்காரர் மெட்ராஸில் பெரிய புள்ளி. ரெக்கார்டில் அது பொது பஜனை மடம். ஹாலில் வரிசையாக சாமி படங்கள். ஆணியெல்லாம் புத்தம் புதுசு. அடித்தபோது உதிர்ந்த சுண்ணாம்பு இன்னும் தரையில் கிடந்தது. உள் அறையில் கட்டில், கொசுவலை, ஐஸ் பெட்டி. பார்த்ததை எழுதினால் எந்தக் காட்டுக்கு மாற்றுவார்களோ என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். இளநீர் வெட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேனிடம், "இங்க யாரு சாமி கும்பிட வர்றாங்க?" என்று கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"கும்புட யாரும் வர்றதில்ல சார். சாமிதான் சனிக்கெயம கார்ல வந்து, ஞாயித்துக்கெயம போயிடும்."

சிவப்பு மை

அந்த ரிப்போர்ட்டின் தலையில் சிவப்பு மையால் 'ரகசியம்' என்று எழுதி, உறையை ஒட்டி, என் கையாலேயே ஆபீசர் மேஜையில் வைத்தேன். மூன்றாம் நாள் பங்களாவின் மானேஜர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கொசுவலையையுமா சார் எழுதணும்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டில் யார் என்னை உற்றுப் பார்த்தாலும் அவர் அனுப்பிய ஆளோ என்று தோன்றும். மனைவி சரோஜாவுக்கு அப்போது எட்டாம் மாதம். யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே என்று சொல்லிவைத்தேன். பங்களாவின் விலக்கு ரத்தானது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரிப்போர்ட் எப்படி வெளியே போனது என்று ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன்.

"நீ ரகசியம்னு எழுதாம இருந்திருந்தா ஒருத்தனும் அதைப் பிரிச்சிருக்க மாட்டாம்ப்பா."

கோணிப்பை

இதை இன்றைக்கும் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். கடப்பாக்கத்தில் நூர்ஜஹான் டீச்சர் என்று ஒரு அம்மா, தன் வீட்டு முன்கட்டில் மீனவர் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்துவந்தார். 'பள்ளிக்கூடம் இல்லை, கருவாட்டுக் கிடங்கு' என்று ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. போனேன். கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மூலையில் கோணிப்பைகள். 'கிடங்குதான், விலக்கை ரத்து செய்யலாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, சட்டை வாங்க ஆபீஸ் எதிரிலிருந்த பாயின் தையல் கடைக்குப் போனேன். பூட்டு. பக்கத்துக் கடைக்காரர், "இன்னைக்கு வெள்ளிக்கிழமை சார், தொழுகைக்குப் போயிருப்பாரு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கடப்பாக்கம் போனதும் ஒரு வெள்ளிக்கிழமை; டீச்சரின் பள்ளிக்கூடத்துக்கு அன்றுதான் லீவாக இருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் ரத்து உத்தரவு டைப் ஆகி, கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஆபீசரிடம் திட்டு வாங்கிக்கொண்டு அதை நிறுத்தினேன்.

மறுநாளே ஓடினேன். முப்பது பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தது அந்தக் கோணிப்பைகளின் மேல். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"வெள்ளிக்கெயம வந்து பூட்டிக்கீதுன்னு எழுதினீங்களே சார், ஞாயித்துக்கெயம உங்க ஆபீசுக்கு வந்து நான் இன்னா எழுதறது?"

எங்கள் வீடு

ஒருநாள் ஆபீசர் ஒரு கடுதாசியை நீட்டி, "இது உங்க கதவு நம்பர் இல்ல?" என்றார். நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு பதினோரு வருஷமாக 'யாத்ரீகர் சத்திரம்' என்று வரி விலக்கில் இருந்திருக்கிறது. மாதா மாதம் வாடகை கொடுத்த எனக்கே தெரியாது. அன்று சாயங்காலம் சரோஜாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நிறைமாதக்காரியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? சரோஜாதான் கடைசியில் சொன்னாள்: "டீச்சர் வூட்டப் பத்தித் தப்பா எழுதின கை, இதையாவது சரியா எழுதட்டும்." எழுதினேன்.

வீட்டுக்காரர் ஜெயராமன் விஷயம் தெரிந்ததும் கத்தவில்லை. விடிந்ததும் வந்து, எங்கள் தண்ணீர்க் குடத்தைத் தானே எடுத்து வாசலில் வைத்தார்.

"சத்திரத்துல மூணு வருஷம் தங்கிட்டீங்க தம்பி. யாத்ரீகர்னா ஒருநாள் கிளம்பித்தானே ஆகணும்?"

குழந்தை பிறந்தது வேறொரு ஒழுகும் வீட்டில். அதன்பின் நாங்கள் வீடு பார்க்கப் போனால் சரோஜா கிணற்றையும் அடுப்படியையும் பார்ப்பாள், நான் வரி ரசீதைக் கேட்பேன், வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடும் எண்ணத்தையே மாற்றிக்கொள்வார்கள்.