இரண்டு இளநீர்

என் கணவர் இறந்து ஆறு வருடம் கழித்து ஒரு போன் வந்தது. அவரைக் கடைசியாகச் சேர்த்திருந்த சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். சிறுநீரகம் திடீரென்று செயலிழப்பது இந்தப் பக்கத்தில் எதனால் வருகிறது, எந்தச் சிகிச்சையில் திரும்புகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். பழைய நோயாளிகளின் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்கிறார்களாம். நேரம் இருக்குமா என்றார்கள். எனக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? திருச்செங்கோட்டுக்குத் தெற்கே தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மறுநாள் காலைவரை என்னோடு பேசுவது டி.வி. மட்டும்தான். "வரச் சொல்லுங்க" என்றேன். 

என் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது போர் போட்டுக்கொண்டிருப்பார். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக்கொடுக்கிற மனிதர், தான் குடிக்க மறந்துவிடுவார். உடம்பு வலிக்கு மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்குவார். அந்தக் கோடையில் வாந்தியும் பேதியுமாக வந்து இறங்கினார். இரண்டே நாளில் சிறுநீர் நின்றுவிட்டது.

நான் அறிவியல் டீச்சர். அவரைக்கொட்டை வடிவத்தில் சிறுநீரகத்தைக் கரும்பலகையில் எத்தனை வருடம் வரைந்திருப்பேன்! ஆஸ்பத்திரியில் என்னிடம் விளக்க வந்தவர்களிடம், "தெரியுங்க, நான் சயின்ஸ் டீச்சர்" என்று சொல்லிச் சொல்லியே அனுப்பினேன். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் என்னை அறையத் தோன்றுகிறது. திடீரென்று நின்றதுதான், திரும்பிவிடும் என்றார் டாக்டர். இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். நான்காம் நாள் கொஞ்சம் சிறுநீர் வந்தது. நான் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

தண்ணீரை மட்டும் டம்ளரில் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அன்று மத்தியானம் அவர் உதட்டை நக்கிக்கொண்டு, "ஏம்புள்ள, ஒரு எளநி வாங்கியாந்து குடேன்" என்றார். இளநீர் தண்ணீர்க் கணக்கில் வராது என்று நினைத்தேன். வெயிலுக்கு இளநீர், நீர்க்கடுப்புக்கு இளநீர், எங்கள் ஊரில் எதற்குத்தான் இளநீர் இல்லை? கேட் ஓரம் வண்டியில் இரண்டு வெட்டி வாங்கி வந்தேன். இரண்டையும் ஆசையாகக் குடித்தார்.

மறுநாள் காலை இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு டாக்டர் ஓடி வந்தார். "வெளியில இருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?" அவர் கேட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "ஒண்ணும் குடுக்கலீங்க" என்றேன். மத்தியானத்துக்குள் என் கணவர் போய்விட்டார். பொட்டாசியம் எப்படி ஒரே ராத்திரியில் இவ்வளவு ஏறியது என்று டாக்டர்கள் தங்களுக்குள் பேசியது என் காதில் விழுந்தது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் போனில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இளநீரில் நிறைய இருப்பது அதுதான். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயம் நின்றுவிடுமாம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஆறு வருடம் ஓடியது, கேட்க ஆளில்லாததால்.

ஆராய்ச்சிக்காக வந்தவள் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்தே வந்திருந்தாள். காய்ச்சல் இருந்ததா, பாம்பு கடித்ததா, என்ன மாத்திரை, நாட்டு மருந்து உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். "ஆஸ்பத்திரியில இருக்கும்போது வெளிச் சாப்பாடு ஏதாவது?" என்றாள்.

"இல்ல."

எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது. ஃபைலை மூடினாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிணற்றோரம் நின்ற தென்னைகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"இத்தன மரத்த வச்சுக்கிட்டு தண்ணியக் குடுத்து அனுப்புறீங்களே டீச்சர்! எளநியெல்லாம் யாருக்கு?"

கோடையில் வீட்டுக்கு வந்தவருக்கு இளநீர் வெட்டிக் கொடுக்காமல் அனுப்புவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. எனக்கும் தெரியும். ஆனால் ஆறு வருடமாக ஒரு இளநீரையும் நான் இறக்கவிட்டதில்லை. முற்றி விழுகிற காய் எண்ணெய்க்குப் போகும். ஏதோ சமாளிக்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ஆறுதல் சொல்லவில்லை. ஃபைலைத் திறந்து, முன்பு எழுதியதை ஒரு கோட்டால் அடித்தாள்.

"எளநி குடுக்கக் கூடாதுன்னு அங்க யாராவது சொன்னாங்களா டீச்சர்?"

யோசித்தேன். "தண்ணி அளந்து குடுக்கோணும்னாங்க. எளநின்னு யாரும் சொல்லல. நானும் சொல்ல விடல."

அதையும் எழுதினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அன்னிக்கு டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாருங்களா?"

"தெரியல டீச்சர். நான் டாக்டர் இல்ல. தெரிஞ்சுக்கத்தான் ஊடு ஊடாப் போயி கேக்கறாங்க போல, எங்கள அனுப்பி." எங்கள் பேச்சு அதற்குள் அவளுக்கு ஒட்டியிருந்தது. பிழைத்திருப்பார் என்றோ பிழைத்திருக்கமாட்டார் என்றோ அவள் சொல்லியிருக்கலாம். எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டுமாம். படித்தாள்: "இறப்பதற்கு முந்தைய நாள் மனைவி இரண்டு இளநீர் கொடுத்தார். கூடாது என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. மருத்துவர் கேட்டபோது மறைத்துவிட்டார்."

"இன்னொண்ணும் எழுதிக்க சாமி" என்றேன். "அவராத்தான் கேட்டாரு. தாகமா இருந்து கேட்டாரு."

அது ஆராய்ச்சிக்குத் தேவையில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பேனாவைத் திறந்து அதையும் எழுதினாள்.