அப்பா பார்த்த எறும்புகள்

அம்மா மகளைக் கூப்பிட்டதே ‘கேள்விக்குறி’ என்றுதான். சின்ன வயதில் அவளைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி ஒன்று உண்டு: குடித்தால் கை நடுங்கும் என்கிறார்களே, அப்பாவுக்கு மட்டும் ஏன் குடித்த பிறகு நடுக்கம் நிற்கிறது?

அப்பா சலூன் வைத்திருந்தார். நல்ல கைவேலைக்காரர். ஆனால் கடை திறந்தவுடன் யாரும் அவரிடம் முகத்தைக் கொடுக்க மாட்டார்கள். அவர் பின்பக்கம் போய் ஒரு மடக்கு போட்டுவிட்டு வரும்வரை பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

“அண்ணே, கத்தி இப்போ உங்க பேச்சைக் கேக்குதா?” என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் சாய்வார்கள். அவரும் கூடவே சிரிப்பார். சாயங்காலம் அந்தச் சிரிப்பெல்லாம் தீர்ந்து, தள்ளாடிக்கொண்டு வெறுங்கையோடு வீடு வருவார். வீடு என்பது ஒரே அறை. அம்மா லாண்டரியில் துணி தேய்த்ததால்தான் அடுப்பு எரிந்தது. அவரைக் கண்டதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்; கோபித்துக்கொண்டு போக வேறு அறை இல்லையே!

ஒருநாள் கத்தி தவறி ஒருவரின் காது கிழிந்தது. “இனி சாராயத்தைத் தொட மாட்டேன்” என்று அப்பா வந்து படுத்துவிட்டார். மறுநாள் முழுக்க வேர்த்து ஊற்றியது. அதற்கடுத்த நாள் மதியம், வெறும் சுவரைக் காட்டி, “எவ்வளவு எறும்பு பாரு” என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு வண்டி பிடிக்க ஓடினாள். மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“என்ன கலருப்பா?”

“கறுப்பு.”

“கடிக்குமா?”

“தெரியல. வரிசையா போகுது.”

“எந்தப் பக்கம்?”

அவர் உற்றுப் பார்த்தார். “ஜன்னல் பக்கம்.”

“அப்போ வெளியதான் போகுது. விடுப்பா.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலை எட்டியதும் அவருக்கு வலிப்பு வந்தது.

உயிர் தப்பிய பிறகு நர்ஸ் சொன்னாள்: “உடம்பு சாராயத்துக்குப் பழகிப்போச்சு பாப்பா. திடீர்னு நிறுத்தினா தூக்கிப்போடும். மருந்து கொடுத்து, கூட இருந்துதான் நிறுத்தணும்.”

“அப்போ காலைல கை நடுங்குறதும் அதனாலயா?”

அழுகிற பிள்ளையை எதிர்பார்த்திருந்த நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆமா. அதனாலதான்.”

அப்பா அத்தோடு திருந்திவிடவில்லை. இரண்டு தடவை விட்டார். இரண்டு தடவையும் பழைய குருடி கதவைத் திறடி ஆனது. மூன்றாவது தடவை நிலைத்தபோது மகள் நர்ஸ் படிப்பை முடித்து, குடியை விட வருகிறவர்களின் வார்டில் சேர்ந்திருந்தாள். அம்மாவுக்குத்தான் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. அவர் கொட்டாவி விட்டால்கூடப் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் நேராகவே கேட்டாள். “எதுக்குப்பா குடிச்சே?”

“பொழுது போகலன்னு ஆரம்பிச்சேன்னு நினைக்கிறேன். அப்புறம் அதுவே பொழுதாப் போச்சு.”

“அவ்வளவுதானா?”

“எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உன் வார்டுல இருக்கிறவங்களைக் கேட்டுப் பாரேன்.”

கேட்டாள். ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள்; ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஆனால் கேட்கக் கேட்க அவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசினார்கள். அவளும் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.