தட்டுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கைப் புஷ்பா கண்டுபிடித்த கதை

திருமழிசை தொழிற்பேட்டையில் பக்கெட் மூடியும் குளியல் கப்பும் வார்க்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் புஷ்பா பத்தொன்பது வருடமாக மெஷின் ஓட்டுகிறார். பத்தாவது முடித்த கையோடு பேக்கிங்கில் சேர்ந்தவர். மெஷின்காரர் ஒருவர் திடீரென்று நின்றுவிட்ட வாரத்தில், யாரும் சொல்லாமலே போய் அந்த இடத்தில் நின்றார். அதற்குப் பிறகு அவரை அங்கிருந்து நகர்த்தவில்லை. கணவர் வேம்புலி குமணன்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பெண்கள், இருவரும் கல்லூரியில்.

எனக்கு அவரைத் தெரிய வந்தது ஒரு விளையாட்டால். ஆவடியில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளாக வளர்ந்த நாங்கள் பத்துப் பேர், நாற்பதைத் தாண்டிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிஸ்க் கோல்ஃப் ஆட ஆரம்பித்தோம். பந்துக்குப் பதில் கையகலத் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. தூரத்தில் நின்று எறிந்து, விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, எத்தனை குறைவான எறியில் தட்டைக் கூடைக்குள் சேர்க்கிறோம் என்பதுதான் ஆட்டம். கூடையை நாங்களே பழைய சைக்கிள் செயினை வைத்து வெல்டிங் செய்துகொண்டோம். தட்டுதான் பிரச்சினை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். வந்தது இரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு சீமைக்கருவேலப் புதருக்குள் காணாமல் போய்விடும். எங்கள் கூட்டத்தில் கௌதம், அம்பத்தூரில் அச்சுப் பட்டறை வைத்திருப்பவன். அலுமினியத்தில் தட்டு வார்க்கும் அச்சைச் செய்துகொண்டு வந்து நின்றான். வார்த்துத் தர ஒப்புக்கொண்டவர் புஷ்பாவின் முதலாளி வீரராகவன்.

முதல் தடவை நாற்பது தட்டு. பளபளவென்று, மஞ்சள் நிறத்தில். மைதானத்துக்குக் கொண்டுபோனோம். கௌதம் எறிந்த மூன்றாவது தட்டு வேப்பமரத்தில் பட்டு, அப்பளம் மாதிரி நொறுங்கியது. எட்டு மணிக்குள் பதினொன்று உடைந்திருந்தது. உடைந்த சில்லைப் பொறுக்கப் போன கௌதமுக்கு விரலில் ரத்தம்.

மறுநாள் துண்டுகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வீரராகவன் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மெட்டீரியல் நல்ல மெட்டீரியல்தான் சார். பதினஞ்சு வருஷமா இதுலதான் மூடி போடறேன். ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது."

பக்கத்தில் மெஷின் கதவைத் திறந்து கப்பை எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பினார். அவர்தான் புஷ்பா. பைக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் கீறினார். காதருகே வைத்து வளைத்தார். அது 'டிக்' என்றது.

"மூடிய யாரும் மரத்துல தூக்கி அடிக்கமாட்டாங்கோ மொதலாளி," என்றார். பிறகு என்னிடம், "இத்த வச்சிகினு இன்னா பண்றீங்கோ சார்?"

"எறிவோம்."

"எங்க எறிவீங்கோ?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒன்றும் பிடிபடாதது தெரிந்தது. "வாயால சொன்னா புரியல. நான் வந்து ஒரு தபா பாக்கணும்," என்றார்.

அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு வேம்புலியின் ஷேர் ஆட்டோ மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்றது. வேம்புலி ஆட்டோவிலேயே கண்ணயர்ந்துவிட்டார். புஷ்பா மட்டும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எங்களுடன் ஒன்பது கூடையும் நடந்தார். நாங்கள் எறிகிறபோது எங்களைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு, அது விழுந்த இடத்துக்கு எங்களுக்கு முன்னால் போய் நின்றார். குனிந்து எடுத்து, விளிம்பைத் தடவிப் பார்த்தார். என்னிடம் மிச்சமிருந்த ஒரே வெளிநாட்டுத் தட்டை ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தார். அது நான்கு வருடப் பழசு, விளிம்பெல்லாம் கீறல்.

"இது நேரா போவலியே, வலது பக்கம் சாஞ்சிகினே போவுது?"

"புதுசுல இடது பக்கம் திரும்பும். அடிபட்டு அடிபட்டு இப்படி ஆயிடுச்சு. தூக்கிப் போடணும்."

"ஏன் சார் போடணும்? இது கெட்டுப்போவல. வேற வேலைக்குத் தயாராயிடுச்சு. வலது பக்கமா திரும்ப வேண்டிய எடம் ஒண்ணு கீதுல்ல, அந்தப் புளியமரத்தாண்ட? அதுக்கு வச்சிக்கோங்கோ."

நான்கு வருடமாக அந்தப் புளியமரத்தைச் சுற்றி எறிய முடியாமல் திணறியவன் நான். அன்றைக்கு முதல்முறையாக இரண்டே எறியில் கூடையை எட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும் சொன்னார்: "உங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் போதாது சார். தூரமா எறியறது மரத்துல மோதுது, அதுக்கு அடி தாங்கணும், ஆனா தொளதொளன்னு இருக்கக் கூடாது. கிட்ட நின்னு கூடைல போடறது வேற. அது கையில ஒட்டணும், செயின்ல பட்டா எகிறக் கூடாது. மழையில ஆடுவீங்களா?"

"ஆடுவோம்."

"அப்ப அதுக்கு ஒண்ணு. ஈரக் கையில வழுக்காததா."

வீரராகவனுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு அச்சு, ஒரு மெட்டீரியல், ஒரே ஓட்டம் என்றால்தான் அவருக்கு வேலை ஓடும். மெட்டீரியலை மாற்றும் ஒவ்வொரு முறையும் மெஷினைச் சுத்தம் செய்ய வேண்டும். "கப்பு ஆர்டர் நிக்கிது. இதுக்கெல்லாம் மெஷினை நிறுத்த முடியாது," என்றார். புஷ்பா வாதாடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மாதானே நிற்கிறது, அந்த அரைமணி நேரத்தைத் தரும்படி மட்டும் கேட்டார். டிபன் பாக்ஸை மெஷின் மேலேயே வைத்து, நின்றபடி சாப்பிட்டுக்கொண்டு வேலை செய்தார்.

கிட்ட நின்று போடுகிற தட்டு சீக்கிரம் அமைந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற சாதாரண பாலித்தீனில் கொஞ்சம் மென்மையானதைக் கலந்தார். மெழுகு மாதிரிக் கையில் ஒட்டியது. சீக்கிரம் தேயும், ஆனால் கூடைக்குப் பக்கத்தில் மெதுவாகப் போடுவதற்கு அது போதும்.

தூரத்துக்கு எறிவதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. நாத்தனார் வனஜா ஷூவுக்கு அடிப்பாகம் செய்யும் இடத்தில் வேலை செய்கிறார். அவரிடம் கேட்டு, அங்கே பயன்படுத்தும் ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் குருணையில் ஒரு மூட்டை வரவழைத்தார். வார்த்தால், தட்டு முழுக்கக் குமிழி. சோடா மாதிரி இருந்தது. இரண்டு நாள் சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். மூன்றாவது நாள் குருணையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஓரமாகத் தூசி படிந்து கிடந்த பழைய டிரையரைத் துடைக்க ஆரம்பித்தார். அந்தக் குருணை காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும் வகை. நான்கு மணி நேரம் உலர்த்திய பிறகு போட்டதும் குமிழி போய்விட்டது.

ஆனாலும் தட்டு கோணியது. ஆறும்போது சுருங்கி, நடுவில் வயிறு தள்ளிக்கொண்டது. எறிந்தால் இருபதடி போய் இடது பக்கம் தரையில் குத்தியது. அன்றைக்கு மைதானத்துக்கு வந்திருந்த புஷ்பா ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன்.

"இல்ல சார், இது மெட்டீரியல் தப்பு இல்ல," என்றார். "என் அவசரம். சூடா எடுத்து அப்படியே அடுக்கிட்டேன்."

அடுத்த வாரம் கவிழ்த்து வைத்த பக்கெட்டுகளின் அடிப்பாகத்தின் மேல் ஒவ்வொரு தட்டாக வைத்து, மேலே மணல் பையைப் பாரமாக வைத்து ஆறவிட்டார். தட்டைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தால் ஒரே கோடு. அதை வீட்டுக்கு எடுத்துப்போய், துவைக்கிற கல்லில் இருநூறு முறை அடித்தார். பெரிய பெண் எண்ணியிருக்கிறாள். தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்களாம், புஷ்பாவுக்கு யார்மேல் இவ்வளவு கோபம் என்று. விளிம்பில் நாலைந்து கீறல், விரிசல் இல்லை.

மழைக்கான தட்டு அதே குருணையின் மென்மையான வகையில். வேம்புலியின் ஆட்டோவில், கண்ணாடிக்கு அடியில், மே மாத வெயிலில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தது. சாயங்காலம் எடுத்தபோது தோசை மாதிரி தொங்கியது. அதற்காகப் புஷ்பா அதைத் தப்பு என்று ஒதுக்கவில்லை. "இது வெயிலுக்கு வராது. மேகம் போட்டா மட்டும் பையில வைங்கோ," என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். மூன்று வகைக்கும் விளிம்பின் அடியில் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று அவரே கீறிவிட்டார், அவசரத்தில் கைவிட்டால் விரலுக்குத் தெரியட்டும் என்று.

நவம்பரில் ஆவடியில் ஒரு போட்டி வைத்தோம். பெங்களூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் முப்பது பேர் வந்தார்கள். ஏழு மணிக்குத் தூறல் பிடித்தது, எட்டுக்கு நன்றாகவே பெய்தது. வந்தவர்களின் கண்ணாடி போன்ற வெளிநாட்டுத் தட்டுகள் கையிலிருந்து மீன் மாதிரி நழுவின. ஆளாளுக்குத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் மூன்று கோடு போட்டதை எடுத்தோம். கௌதம் அன்றைக்கு ஆடிய மாதிரி அதற்கு முன்பும் ஆடியதில்லை, பிறகும் ஆடவில்லை.

முதல் பரிசு கௌதமுக்கு. பெங்களூர்க்காரர் ஒருவர் அவன் தட்டை வாங்கி வளைத்துப் பார்த்து, "யார் போட்டது?" என்று கேட்டார். மழைக்கு வீரராகவனின் காருக்குள் ஒதுங்கியிருந்த புஷ்பாவை நாங்கள் கையைப் பிடித்து அழைத்துவந்தோம். அவரைப் பேசச் சொன்னார்கள். மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "தட்டு ஒண்ணும் பெருசில்ல. எங்க போய் விழப் போவுதுன்னு பாத்துட்டுப் போட்டேன், அவ்ளோதான்," என்றார். கைதட்டல் நிற்க வெகு நேரமானது. வீரராகவன் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். அடுத்த திங்கட்கிழமை, புது மெட்டீரியல் சோதனைக்கென்று ஒரு சின்ன மெஷினை அவரே ஒதுக்கிக் கொடுத்தார். புஷ்பா இப்போது மதியம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

இந்த ஜூனில் பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளி ஒன்று, பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லித்தர அறுபது தட்டு கேட்டது. நாங்கள் ஆடுவதையே கொடுத்துவிடலாம் என்றேன். புஷ்பா ஒப்புக்கொள்ளவில்லை. வேலை விட்டதும் பஸ் பிடித்து, தனியாகப் போய், அந்தப் பள்ளி மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அது சிமெண்ட் தரை. சுற்றிலும் சுவர். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கும் அளவுக்குத்தான் இடம்.

"உங்க தட்டு அங்க ஆவாது சார். மூஞ்சில பட்டா பல்லு பூடும். விளிம்பு தடிமனா, பஞ்சு மாதிரி ஒண்ணு போடணும். சிமெண்டுல தேயும், தேயட்டும். வருஷத்துக்கு ஒரு தபா மாத்திக்கலாம், பல்ல மாத்த முடியாது."

நான் வீரராகவனைப் பார்த்தேன், மறுப்பார் என்று. அவர் ஏற்கெனவே போனைக் கையில் எடுத்திருந்தார்.

"மெட்டீரியல் எத்தனை கிலோ சொல்லட்டும்மா?" என்று கேட்டார்.