சால்னாக் கறை படிந்த அன்னம்

கேளம்பாக்கத்தில் என் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கண்ணாடி அலமாரியில், பீங்கான் பொம்மைகளுக்கு நடுவே, நான்காக மடித்த ஒரு வெள்ளைத் துணி பல வருடங்களாக இருந்தது. பெரிய விடுதிகளில் சாப்பாட்டு மேசையில் கை துடைக்க வைப்பார்களே, அது. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்மஞ்சள் கறை. எந்த சோப்புக்கும் அசையாதது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், ஆனால் என்னவென்று கேட்கமாட்டார்கள். கேட்காமலிருப்பதுதான் சொஃபிஸ்டிகேஷன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அந்தச் சொல்லை எங்கள் குடும்பத்துக்குள் கொண்டுவந்த குற்றவாளி அடியேன்தான்.

அப்போது நான் மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்குப் பக்கத்தில், ஒரு விடுதியில் பரிமாறுகிற வேலையில் சேர்ந்திருந்தேன். பயிற்சி கொடுத்தவர் வாய்க்கு வாய் சொஃபிஸ்டிகேஷன் என்பார். கரண்டி தட்டில் படும் ஓசை கேட்காவிட்டால் சொஃபிஸ்டிகேஷன். விருந்தாளியின் அசட்டு ஜோக்குக்குப் பல் தெரியாமல் சிரித்தால் அதுவும் அதுதான். விடுதி விளம்பரத்தில் அந்தச் சொல் வந்தால் வாடகை அதிகம் என்று அர்த்தம். நாவலூர் கம்பெனிக்காரர்கள் தங்கள் மென்பொருளைப் பற்றிச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது என்று அர்த்தம். பழைய அகராதி ஒன்றில் அதற்குக் கலப்படம் என்றும் பொருள் இருந்ததைப் பின்னாளில் பார்த்தேன். எங்கள் சமையலறை சூப்பை அறிந்தவன் ஆகையால் ஆச்சரியப்படவில்லை. என் மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம், இத்தனைக்கும் சேர்த்து ஒரே சொல்தான் இருந்தது: டீசண்டு. குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் தூங்குகிறவன் டீசண்டு. சாவு வீட்டில் சாப்பாடு எப்போது என்று கேட்காதவன் டீசண்டு. இஸ்திரி போட்ட என் சட்டையும் டீசண்டு. உள்ளே இருந்தவனைப் பற்றி அவர் கருத்துச் சொன்னதில்லை.

அப்பா போன பிறகு, வேடந்தாங்கல் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு மாமாதான் எல்லாம். சொந்தமாக ஒரு லோடு வண்டி ஓட்டினார். அக்காவைப் பார்க்க வந்தவர்களெல்லாம் “சொல்லி அனுப்பறோம்” என்று போய், ஒன்றும் சொல்லி அனுப்பாதவர்கள். ஒவ்வொரு முறையும் அக்கா அதே பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பாள். முகத்தில் எதையும் காட்டமாட்டாள். பிறகு கேளம்பாக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. பையனுக்கு நாவலூரில் ஐ.டி. வேலை. இதுவும் போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். படித்த குடும்பம், பஜ்ஜியும் சொஜ்ஜியும் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள், பெண் பார்ப்பதை எங்கள் விடுதியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று புகுந்தேன்.

“ஏன்டா மாப்ள, அவங்க பொண்ணப் பாக்க வர்றாங்களா, உன் கோட்டப் பாக்க வர்றாங்களா?” என்றார் மாமா. விடுதியில் கொடுத்த கோட் எனக்கே பெரியது என்பதால் பேச்சை விடுதிச் சாப்பாட்டுக்குத் திருப்பினேன். கடைசியில் அவரும் விடுதிக்கு ஒப்புக்கொண்டார்.

அன்று காலை முழுக்க உட்கார்ந்து மேசைத் துணிகளை அன்னப்பறவைகளாக மடித்தேன். முதலில் வந்த மாமா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த ஊரு கொக்குடா இது? கழுத்து சுளுக்கிகினு கீது.”

“அன்னம், மாமா.”

“நம்ம ஏரில இப்டி ஒண்ணு எறங்கனதே இல்லியே!”

மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர்: பையன், அப்பா, அம்மா. எங்கள் அன்னங்களைக் கலைக்க அவர்களுக்கும் மனம் வரவில்லை. ஆளாளுக்கு ஓரமாக நகர்த்தி வைத்தார்கள். அகலத் தட்டின் நடுவில் ஒரு துண்டு மீனையும், பக்கத்தில் பச்சைச் சாஸில் இழுத்த ஒரு கோட்டையும் கொண்டு வைத்தேன். பையனின் அப்பா முள்கரண்டியால் குத்தினார். மீன் நழுவியது. மறுபடி குத்தினார். பிறகு கரண்டியைக் கீழே வைத்து, “வயிறு ஃபுல்லு” என்றார். அவர் சொன்னதால் மாமாவும் ஃபுல்லு. உடனே எல்லோரும் ஃபுல்லு. கிளம்பும்போது அந்த அம்மா கைகூப்பி, “சொல்லி அனுப்பறோம்” என்றார். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பும்போது அம்மாவும் அக்காவும் முன்னால் மாமாவோடு. நான் பின்னால், லோடு ஏற்றும் இடத்தில், கோட்டோடு நின்றுகொண்டு வந்தேன். கேளம்பாக்கம் போகும் வழியில் ஒரு பரோட்டா கடையில் மாமா வண்டியை ஓரங்கட்டினார். உள்ளே காலெடுத்து வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கடைசி மேசையில் மாப்பிள்ளை வீட்டார். ஃபுல்லு என்றவர் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, மணிக்கட்டு வரை சால்னாவில் இருந்தார். பையன் எலும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எங்களை அவர்கள் பார்க்கவில்லை.

“மாமா, வா போயிடலாம். பாக்காத மாரி போறதுதான் டீசண்டு” என்று அவர் சட்டையை இழுத்தேன்.

“உனக்குப் பசிக்கலியா?” என்று கேட்டுவிட்டு மாமா நேராகப் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி முன் மேசையில் உட்கார்ந்தார். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி, “அண்ணாத்த, எட்டு பரோட்டா! சால்னா நெறைய ஊத்து. பசி உயிரு போவுது!” என்றார்.

முதுகைக் காட்டியதால் அவர்கள் விரும்பினால் சத்தமில்லாமல் எழுந்து போயிருக்கலாம். உரக்கச் சொன்னதால் விரும்பினால் வந்து பேசியிருக்கலாம். வெட்கப்பட வேண்டிய பசி முதலில் எங்களுடையதாகிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பின்னால் புரிந்தது. அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பையனின் அப்பா தட்டோடு வந்து மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தார். “இன்னா சம்மந்தி நீங்க! மொதல்லயே இங்க இட்டாந்திருக்கக் கூடாதா? புள்ள பெரிய ஓட்டல்ல கீறாரு, ரொம்ப டீசண்டான எடமாட்டம் கீதேன்னு நாங்க பயந்துகினு இருந்தோம்!”

சம்மந்தி. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அக்கா மூன்றாவது பரோட்டாவை இழுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டதும் கை துடைக்கக் கடைக்காரர் செய்தித்தாள் துண்டுகளை நீட்டினார். மாமா மடியிலிருந்து எதையோ எடுத்தார். என் அன்னம். கழுத்து இப்போது நிஜமாகவே சுளுக்கியிருந்தது.

“மாமா, இது எங்க ஓட்டலுது!”

“தாம்பூலப் பைக்குப் பதிலா வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்டா” என்றவர், அதை உதறிப் பிரித்து சம்மந்தியிடம் கொடுத்தார். அவர் துடைத்த இடத்திலேயே தானும் துடைத்துக்கொண்டார். அக்கா அதை வாங்கி நான்காக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மாமா போய்ச் சில வருடங்களாகின்றன. நான் இப்போது வேறொரு விடுதியில் பரிமாறுகிறவர்களுக்கு மேற்பார்வையாளன். அந்த நீளச் சொல்லைத் தினமும் சொல்கிறேன், முதுகைக் காட்டி உட்காரும் பாடம் மட்டும் இன்னும் நடத்தத் தெரியவில்லை. போன மாதம் அக்கா வீட்டுக்கு அவள் மகளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். “இத உள்ள போட்டுடட்டுமா மாமா? வர்றவங்க எதிர்ல டீசண்டா இல்ல” என்று அந்தத் துணியை மகள் என்னிடம் நீட்டினாள். வாங்கி, கை போன போக்கில் மடித்தேன். துணி நைந்திருந்தது, கழுத்து நிற்காமல் ஒருபக்கம் சாய்ந்தது, கறை சரியாக நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எந்த ஊரு கொக்கு மாமா இது? கழுத்து சுளுக்கிகினு நிக்குது!”

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சமையலறையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வெளியே வந்து, அந்தக் கொக்கை வாங்கி, கறை நன்றாகத் தெரியும்படி அலமாரியின் முன்வரிசையில் நிறுத்தினாள்.